தப்பு யார் மேல் என்று பேசாத வழக்கு

அக்கா மகள் இங்கே அமெரிக்காவில் சட்டம் படிக்கிறாள், முதலாண்டு. தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் இஞ்சி தட்டிப் போட்டு டீ கொதிக்கவிட்டிருந்தேன்.

“சித்தி, ஒரு கார் தீப்பிடிச்சு அம்மாவுக்கும் ரெண்டு பிள்ளைங்களுக்கும் பயங்கரமான தீக்காயம். கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க. ஆனா கார்ல கோளாறு இருந்துச்சா, தப்பு யார் மேல, அதைப் பத்தி முடிவே சொல்லல. இது என்ன நியாயம்?”

சரியான கேள்விதான். ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருபது வருடமாகச் சம்மன் கட்டுகளோடு வேலை பார்ப்பவள் நான். இதே கேள்வியைக் காயம்பட்டவர்களே கேட்டு, பதில் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறேன். அடிபட்டவருக்கு நடந்தது ஊருக்கே தெரியும். ஆனால் எந்தக் கோர்ட் விசாரிப்பது என்பதிலேயே ஒரு வருடம், இரண்டு வருடம் ஓடிவிடும். ஒரு டம்ளர் டீயில் இதற்குப் பதில் சொல்லி முடிக்க முடியாது. அன்றைக்கு இரண்டாவது தடவையும் பால் வைத்தோம். அவளுக்குச் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

கோர்ட் நியாயம் சொல்லும் இடம் மட்டுமல்ல, பலம் உள்ள இடமும்கூட. அது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் வங்கிக் கணக்கு முடங்கும், வீடு ஏலத்துக்கு வரும், சம்பளத்தில் பிடித்தம் விழும். அந்தப் பலத்தின் முதல் அடி எது தெரியுமா? தீர்ப்பு அல்ல, சம்மன். ‘வந்து என் முன்னால் நின்று பதில் சொல், வராவிட்டால் நீ தோற்றதாக எழுதிவிடுவேன்’ என்று ஒரு மனிதரைப் பார்த்துச் சொல்வது சின்ன விஷயமில்லை. அப்படிச் சொல்ல இந்தக் கோர்ட்டுக்கு உரிமை உண்டா என்பதைத் தீர்த்துக்கொண்டுதான் மற்றதைப் பேச வேண்டும். அதைத்தான் அதிகார வரம்பு என்கிறோம்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி கூர்மையாகிவிடுவதற்குக் காரணம் இந்த நாட்டின் அமைப்பு. 50 மாநிலங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனிக் கோர்ட்டுகள், அதற்கென்று ஓர் உயர்ந்த நீதிமன்றம். இவற்றோடு கூட, நாடு முழுவதும் ஃபெடரல் கோர்ட்டுகள் என்று இன்னொரு வரிசை. ஒரே ஊரில், சில சமயம் ஒரே தெருவில், இரண்டு கோர்ட் கட்டடங்களும் நிற்கும். அதனால் வழக்குப் போடுகிறவர் இரண்டு கேள்விகளைத் தாண்டியாக வேண்டும். இந்த ஆளை இந்த மாநிலத்துக்குக் கூப்பிடலாமா என்பது ஒன்று. இந்த மாதிரி வழக்கை இந்த வரிசைக் கோர்ட் கேட்கலாமா என்பது இன்னொன்று. முதலாவதை ஆள் மீதான அதிகாரம் என்றும், இரண்டாவதை வழக்குப் பொருள் மீதான அதிகாரம் என்றும் வைத்துக்கொள்வோம். அக்கா மகளின் கார் வழக்கில் இந்த இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. அதனால்தான் அவளுக்குத் தலை சுற்றியது.

காருக்கு முன்னால் ஒரு நிலத்தைப் பார்க்க வேண்டும். 1860-களில் ஆரிகன் மாநிலம், போர்ட்லேண்ட் அருகே ஏறத்தாழ 300 ஏக்கர். சொந்தக்காரர் மார்க்கஸ் நெஃப். நிலப் பத்திர விவகாரத்துக்காக ஜான் மிட்செல் என்ற வக்கீலை வைத்துக்கொண்டார். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி அந்த வக்கீலே நெஃப் மீது ஆரிகன் கோர்ட்டில் வழக்குப் போட்டார். நெஃப் அப்போது கலிஃபோர்னியாவில். சம்மன் அவர் கைக்குப் போகவில்லை. ஒரு கிறிஸ்தவ வாரப் பத்திரிகையில் ஆறு வாரம் விளம்பரம் போட்டார்கள், அவ்வளவுதான். பக்கத்து மாநிலத்தில் இருக்கிற மனிதர் அந்தப் பத்திரிகையை வாங்கி, அந்த மூலையைத் தேடிப் படிப்பாரா? நெஃப் வரவில்லை. நம்மூர் கோர்ட் பேச்சில் எக்ஸ்பார்ட்டி என்போமே, அப்படி 1866-இல் 294 டாலர் 98 சென்ட்டுக்குத் தீர்ப்பாயிற்று. அதை வசூலிக்க நிலத்தை ஷெரிஃப் ஏலம் விட்டார். ஏலத்தில் எடுத்தவர் அதே வக்கீல். சில நாளிலேயே அதை சில்வெஸ்டர் பென்னோயர் என்பவருக்கு மாற்றிக்கொடுத்துவிட்டார்.

நெஃப் திரும்பி வந்து பார்த்தால் தன் நிலத்தில் இன்னொருவர். 1874-இல் வழக்குப் போட்டார். அது 1878-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நீதிபதி ஸ்டீஃபன் ஃபீல்ட் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: ஒரு மாநிலத்தின் அதிகாரம் அதன் எல்லைக்கோட்டோடு நிற்கிறது. எல்லைக்குள் இருக்கும் ஆள், எல்லைக்குள் இருக்கும் சொத்து, இவற்றின் மேல்தான் கை வைக்கலாம். ஆள் வெளியில் இருந்தால், வழக்குத் தொடங்கும்போதே சொத்தைக் கோர்ட் தன் பிடிக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும். முதலில் தீர்ப்பு எழுதிவிட்டு அப்புறம் சொத்தைத் தேடக் கூடாது. ஆகவே முதல் தீர்ப்பே செல்லாது, ஏலமும் செல்லாது, நிலம் நெஃப்புடையது. அந்த வக்கீல் மிட்செல் பின்னால் செனட்டர் ஆனார். நிலத்தை இழந்த பென்னோயர் 1887-இல் ஆரிகன் ஆளுநர் ஆனார். அவர்கள் எங்கே போனால் என்ன, வராத மனிதனுக்கும் உரிமை உண்டு என்ற விதி அந்த 300 ஏக்கரிலிருந்துதான் சட்டக் கல்லூரிப் பாடத்துக்கு வந்தது.

“அப்ப எல்லைக்கோடுதான் எல்லாமேவா?” என்று கேட்டாள்.

எல்லாமே அதுதான் என்று ஒரு 60, 70 வருடம் ஓட்டினார்கள். அந்தக் கோடு ஆளுக்குப் பொருந்தும். கம்பெனிக்கு எப்படிப் பொருந்தும்? கம்பெனிக்குக் கால் கிடையாது. அது எந்த ஊரில் நிற்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

இங்கேதான் ஒற்றைச் செருப்பு வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த விவரம் இது. இன்டர்நேஷனல் ஷூ கம்பெனிக்குத் தலைமையிடம் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ். வாஷிங்டன் மாநிலத்தில் அதற்கு ஆபீஸ் இல்லை, கிடங்கு இல்லை. ஆனால் 1937 முதல் 1940 வரை 11, 12, 13 பேர் அங்கே குடியிருந்தபடி விற்பனை முகவராக வேலை பார்த்தார்கள். அவர்கள் கையில் கம்பெனி கொடுத்த மாதிரிகள் இருந்தன. ஜோடியில் ஒன்று மட்டும்! ஒற்றைக் காலணியை ஹோட்டல் அறையில் விரித்துக் காட்டுவார்கள். ஆர்டரை எழுதி செயின்ட் லூயிஸுக்கு அனுப்புவார்கள். அங்கே ஒப்புக்கொண்டு அங்கிருந்தே சரக்கு வரும். அந்த மாநிலத்தில் விற்றோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு படியும் பார்த்துப் பார்த்து வைத்தாற்போல இருக்கிறது. ஆனால் அந்த முகவர்களுக்கு வருடத்துக்கு 31,000 டாலருக்கு மேல் கமிஷன் போயிருக்கிறது. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய வியாபாரம் என்று நினைத்துப் பாருங்கள்.

வேலையிழந்தவர்களுக்கான நிதிக்குக் கம்பெனி பணம் கட்ட வேண்டும் என்று வாஷிங்டன் மாநிலம் கேட்டது. ‘நாங்கள் இங்கே இல்லவே இல்லையே’ என்றது கம்பெனி. 1945 டிசம்பரில் தலைமை நீதிபதி ஹார்லன் ஸ்டோன் கேள்வியையே மாற்றிவிட்டார். கம்பெனி எல்லைக்குள் நிற்கிறதா என்று தேட வேண்டாம். அந்த மாநிலத்தோடு அதற்குக் குறைந்தபட்சமாவது தொடர்பு உண்டா? அந்தத் தொடர்பிலிருந்தே வழக்கு முளைத்ததா? அங்கே வந்து பதில் சொல் என்று கேட்பது நியாயமாகப் படுகிறதா? அந்த மாநிலத்தின் சந்தையையும் சட்டப் பாதுகாப்பையும் அனுபவித்தவருக்கு, அதனால் வருகிற கடமையும் உண்டு. கோட்டின் இடத்துக்குத் தொடர்பு வந்து உட்கார்ந்தது. இன்று வரை அமெரிக்கக் கோர்ட்டுகள் பேசுவது இந்த மொழியைத்தான். இதற்கு வேர் அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தம்: உரிய சட்ட நெறி இல்லாமல் எந்த மாநிலமும் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது. உரிமை இல்லாத கோர்ட் பணம் கட்டு என்று சொல்வதும் பறிப்புதான்.

இனி காருக்கு வருவோம். பழைய தபால் உறை ஒன்றின் பின்புறத்தில் அவளுக்குப் படம் போட்டேன். மேலே, கனடா எல்லையை ஒட்டி, நியூயார்க் மாநிலத்தின் மஸீனா என்ற ஊர். அங்கே ஸீவே ஃபோக்ஸ்வாகன் என்ற கடையில் 1976-இல் ஒரு குடும்பம் புது ஆவ்டி கார் வாங்கியது. மறு வருடம் நியூயார்க்கை விட்டு அரிசோனாவில் குடியேறப் புறப்பட்டார்கள். நடுவில் ஓக்லஹோமா. அங்கே நெடுஞ்சாலையில் பின்னாலிருந்து வேறொரு கார் வந்து மோதியது. இவர்கள் கார் தீப்பிடித்தது. தாய்க்கும் இரண்டு குழந்தைகளுக்கும் கடுமையான தீக்காயம்.

பெட்ரோல் டாங்கை வைத்த விதத்தில்தான் கோளாறு என்று ஓக்லஹோமாவின் கிரீக் கவுன்டி மாநிலக் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். பிரதிவாதிகள் நான்கு பேர்: காரைச் செய்த ஆவ்டி, அதை அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்த கம்பெனி, நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட் ஆகிய மூன்று மாநிலங்களுக்கு விநியோகம் செய்த வேர்ல்டு-வைடு ஃபோக்ஸ்வாகன், கடைசியாக விற்ற கடை. இதில் கடைசி இரண்டு பேரும் எழுந்து நின்று, ‘எங்களை ஓக்லஹோமாவுக்கு எப்படிக் கூப்பிடுவீர்கள்? நாங்கள் அங்கே ஒரு கார் விற்றதில்லை, விளம்பரம் செய்ததில்லை’ என்றார்கள். அந்தச் சண்டைதான் உச்ச நீதிமன்றம் வரை போனது.

எதிர்த்தரப்பு வாதமும் வலுவானதே. காரை விற்பவருக்கு அது ஓடும் என்று தெரியாதா? ஓடுவதற்காகத்தானே விற்கிறார்? 1980 ஜனவரியில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நீதிபதி பைரன் ஒயிட் சொன்னது இதுதான்: பொருள் அங்கே போய்ச் சேரலாம் என்று முன்கூட்டித் தெரிவது போதாது, விற்றவர் தானாக அந்த மாநிலத்தை நோக்கிக் கை நீட்டியிருக்க வேண்டும். அப்படியில்லாமல் வாங்கியவர் கொண்டுபோன இடத்துக்கெல்லாம் விற்றவர் ஓட வேண்டுமென்றால், தெருமுனையில் ஃப்ளாஸ்க் விற்கிற கடைக்காரர்கூட, அதை வாங்கியவர் ஹவாயில் கை சுட்டுக்கொண்டால் ஹவாய்க்குப் போய் நிற்க வேண்டும். எந்தெந்த ஊரில் தன்னைக் கூப்பிடுவார்கள் என்று ஒரு வியாபாரி முன்பே கணித்து, அதற்கேற்ப நடந்துகொள்ள முடிய வேண்டும்.

கடைக்காரர் விஷயத்தில் இது எனக்கு நியாயமாகவே படுகிறது. அதே சமயம், மாற்றுக்கருத்து எழுதிய நீதிபதி வில்லியம் பிரென்னனையும் ஒதுக்கிவிட முடியவில்லை. விபத்து நடந்தது ஓக்லஹோமாவில். சாட்சிகளும் ஆஸ்பத்திரியும் சாலையும் அங்கே. கார் என்பது நகர்வதற்கென்றே பிறந்த பொருள். அது நகர்வதால்தான் விற்பவருக்கும் பிழைப்பு. அந்தத் தீர்ப்பை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் தீக்காயத்தோடு படுத்திருந்த அந்தத் தாயைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். யார் எங்கே வர வேண்டும் என்ற கணக்கில், வர முடியாத நிலையில் இருப்பவரின் எடை கொஞ்சம் கூடுதலாக விழுந்திருக்கலாம்.

“ஆனா சித்தி, ஆவ்டியும் இறக்குமதி பண்ணினவனும் கேஸ்ல இருக்காங்களே. காசு அவங்ககிட்டதானே இருக்கு? ஒரு கடைக்காரனை விட்டா என்ன?”

இதே சந்தேகம் அந்த வழக்கில் மாற்றுக்கருத்து எழுதிய இன்னொரு நீதிபதி ஹாரி பிளாக்மனுக்கும் வந்தது. கடையையும் விநியோகக் கம்பெனியையும் விடாமல் பிடித்துக்கொள்வதற்கு என்ன காரணம் என்று தனக்குப் புரியவில்லை என்று தீர்ப்பிலேயே எழுதிவைத்தார். காரணம் இரண்டாவது கேள்வியில் ஒளிந்திருந்தது.

ஃபெடரல் கோர்ட் எல்லா வழக்கையும் கேட்காது. அரசியல் சட்டமும் காங்கிரஸும் எழுதிக்கொடுத்த வகைகளை மட்டும்தான் கேட்கும். அவற்றில் முக்கியமானவை இரண்டு. வழக்கு நாட்டின் சட்டத்திலிருந்தே எழுந்திருக்க வேண்டும். அல்லது இரண்டு தரப்பும் வெவ்வேறு மாநிலத்தவராக இருக்க வேண்டும். உள்ளூர் ஜூரி உள்ளூர்க்காரருக்குச் சாய்ந்துவிடுமோ என்று வெளியூர்க்காரர் பயப்படுவார். அதற்கான மருந்து இரண்டாவது வகை. இன்றைக்கு இதற்கு வழக்குத் தொகை 75,000 டாலரைத் தாண்டியிருக்கவும் வேண்டும். தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் 1806-இல் போட்ட விதி இன்னும் நிற்கிறது: வாதிகளில் ஒருவரும் பிரதிவாதிகளில் ஒருவரும் ஒரே மாநிலத்தவராக இருந்துவிட்டால்கூடப் போதும், அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

அந்தக் குடும்பம் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது? நியூயார்க்கை விட்டுக் கிளம்பியாயிற்று. அரிசோனாவுக்குப் போய்ச் சேரவில்லை. சட்டம் யாரையும் ஊரில்லாதவராக விடாது. புது ஊருக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயே இருப்பது என்ற எண்ணமும் கூடினால்தான் பழைய குடியிருப்பு கழலும். ஆகவே வழியில் அடிபட்டுக் கிடந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் இன்னும் நியூயார்க்காரர்கள். கடையும் விநியோகக் கம்பெனியும் நியூயார்க். அந்த இருவர் வழக்கில் இருக்கும் வரை இரண்டு பக்கமும் நியூயார்க் இருக்கும்; வழக்கை ஃபெடரல் கோர்ட்டுக்கு நகர்த்த ஆவ்டியால் முடியாது; கிரீக் கவுன்டியிலேயே நடக்கும். காயம்பட்டவர்களுக்குத் தாராளமாகத் தொகை கொடுக்கும் ஜூரி என்று அந்த வட்டாரத்துக்குப் பெயர்.

அதற்காகத்தான் அந்த இழுபறி. கடைக்காரரிடம் காசு வாங்க அல்ல. அவரைப் பிடித்து வைத்தால் கோர்ட் கையில் நிற்கும். அவரை விட்டால் கோர்ட்டே கைமாறும். உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்ததும் அதுவே நடந்தது. வழக்கு துல்சாவிலுள்ள ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனது. அங்கே ஜூரி குடும்பத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லவில்லை, ஆவ்டி ஜெயித்தது.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தாள். தப்பு யார் மேல் என்று பேசாத அந்தத் தீர்ப்பு, தப்பு யார் மேல் என்று சொல்லப் போகிறவர்கள் யார் என்பதைத் தீர்மானித்துவிட்டது. கிரீக் கவுன்டியில் நடந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு தரப்பு வக்கீல்களும் உச்ச நீதிமன்றம் வரை அதற்காக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். தொழிலில் ஊறியவர்கள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று பார்த்தால், எது முக்கியம் என்பது தெரிந்துவிடும்.

இரண்டு கேள்விகளுக்கும் குணம் வேறு. ஆள் மீதான அதிகாரம் பிரதிவாதியைக் காப்பதற்கு. அவர் வேண்டாம் என்று விட்டுவிடலாம். சம்மன் வந்ததும் முதல் பதிலிலேயே ‘எனக்கு இந்த ஊர் கோர்ட்டில் வேலையில்லை’ என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் வழக்கின் உள்விவகாரத்துக்குப் போய்விட்டால் உரிமை போயிற்று. வழக்குப் பொருள் மீதான அதிகாரம் அப்படியில்லை. இரண்டு பேரும் கைகோத்துச் சம்மதித்தாலும் இல்லாத அதிகாரத்தை ஃபெடரல் கோர்ட்டுக்குக் கொடுக்க முடியாது. யாரும் கேட்காவிட்டாலும் நீதிபதியே கேட்க வேண்டும்.

கென்டக்கியில் ஒரு தம்பதிக்கு இது எவ்வளவு கொடுமையாக முடிந்தது என்பதையும் சொன்னேன். 1871-இல் ரயில் விபத்தில் அடிபட்டார்கள். நஷ்டஈட்டுக்குப் பதிலாக லூயிவில்-நாஷ்வில் ரயில் கம்பெனி ஆயுளுக்கும் இலவசப் பாஸ் கொடுத்தது. 1906-இல் காங்கிரஸ் இலவசப் பாஸ்களைத் தடை செய்யவே, கம்பெனி புதுப்பிக்க மறுத்தது. ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். 1908-இல் உச்ச நீதிமன்றம், எந்தத் தரப்பும் எழுப்பாத கேள்வியைத் தானே எழுப்பியது: இரண்டு தரப்பும் கென்டக்கி, வழக்கோ வெறும் ஒப்பந்தத்தை மீறியது பற்றி, புதுச் சட்டத்தைக் கம்பெனிதான் பதிலாக இழுக்கப் போகிறது, அது வாதியின் வழக்கே ஆகாது. அதிகாரம் இல்லை, போங்கள் என்றது. அவர்கள் கென்டக்கி மாநிலக் கோர்ட்டில் முதலிலிருந்து தொடங்கி, அங்கேயும் ஜெயித்து, 1911-இல் மறுபடி அதே உச்ச நீதிமன்றத்துக்கு வந்து, அங்கே தோற்றார்கள். பாஸ் செல்லாது. இதே முடிவை 1908-லேயே சொல்லியிருந்தால் வயதான இருவருக்கு மூன்று வருட அலைச்சல் மிச்சமாகியிருக்கும். இந்த விதியின் கண்டிப்பு தேவைதான். தனக்குக் கொடுக்காத அதிகாரத்தைக் கோர்ட் எடுத்துக்கொள்ளத் தொடங்கினால் அதற்கு முடிவு இருக்காது. ஆனாலும் அதற்கான விலையை மனிதர்கள்தான் கட்டுகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லி முடித்தேன். ஆள் நேரில் கையில் சிக்கினால் போதும் என்ற பழைய விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. நியூ ஜெர்சிக்காரர் ஒருவர் கலிஃபோர்னியாவுக்குச் சில நாள் போனபோது, அங்கே அவர் கையில் விவாகரத்துச் சம்மனைக் கொடுத்தார்கள்; அது செல்லும் என்றது 1990-இல் உச்ச நீதிமன்றம். அதற்கும் முன்னால், 1959-இல், மெம்ஃபிஸிலிருந்து டல்லஸுக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்தில், அது ஆர்கன்ஸா மாநிலத்துக்கு மேலே இருந்த நேரத்தில் கொடுத்த சம்மனைக்கூட ஒரு ஃபெடரல் கோர்ட் ஏற்றுக்கொண்டது.

பெரிய கம்பெனிகளுக்கு 2014 முதல் விதி இறுகிவிட்டது. எந்த விவகாரத்துக்கும் எப்போதும் வழக்குப் போடலாம் என்றால் அது பொதுவாகக் கம்பெனியின் சொந்த ஊரில்தான். அதாவது, அது பதிவு செய்த மாநிலம், தலைமையிடம் இருக்கும் மாநிலம். மற்ற இடங்களில், வழக்குக்கும் அந்த மாநிலத்துக்கும் நேரடிச் சம்பந்தம் காட்டியாக வேண்டும். பிளாவிக்ஸ் மாத்திரை சாப்பிட்டுப் பாதிக்கப்பட்டதாகச் சொன்ன 86 கலிஃபோர்னியர்களோடு, வேறு மாநிலங்களைச் சேர்ந்த 592 பேரும் சேர்ந்து கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள்; அந்த 592 பேருக்கு அங்கே இடமில்லை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் வெளியே அனுப்பியது. ஒரே மருந்து, ஒரே குறை. ஊர் மட்டும் வேறு. இந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்வதில்லை. சேர்ந்து நின்றால்தான் சாமானியருக்குப் பலம்.

2021-இல் மனதுக்கு ஆறுதலாக ஒன்று வந்தது. மொன்டானாவிலும் மின்னசோட்டாவிலும் நடந்த இரண்டு விபத்துகள். இரண்டும் ஃபோர்டு கார்கள். அந்தக் கார்களை நாங்கள் அந்த மாநிலங்களில் விற்கவில்லை, வேறிடத்தில் விற்றது கைமாறி அங்கே வந்தது என்றது ஃபோர்டு. நீதிபதி எலினா கேகன் எழுதிய தீர்ப்பில் எட்டு நீதிபதிகளும் ஒரே முடிவு சொன்னார்கள்: அந்த மாநிலங்களில் அதே ரகக் கார்களை விளம்பரம் செய்து, விற்று, பழுதும் பார்த்துச் சந்தையை வளர்த்துவிட்டு, அதே கார் அங்கே ஆளைக் காயப்படுத்தினால் நான் வர மாட்டேன் என்று சொல்ல முடியாது. மஸீனாவின் ஒற்றைக் கடைக்கும் ஃபோர்டுக்கும் உள்ள வித்தியாசம் இதில் தெளிவாகத் தெரிகிறது.

இரண்டாவது டீயும் முடிந்தது. “பரீட்சைக்குப் போதும் சித்தி, நமக்கு இதனால என்ன?” என்று எழுந்தாள். அவளுக்குச் சொன்னதையே இந்த நாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கும் சொல்கிறேன்.

எதிலும் கையெழுத்துப் போடும் முன், ‘வழக்கு வந்தால் இன்ன மாநிலத்தில்தான்’ என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு தம்பதி சொகுசுக் கப்பலில் போனபோது மனைவிக்கு அடிபட்டது. டிக்கெட்டில் அச்சிட்டிருந்த ஒரு வரிக்காக அவர்கள் நாட்டின் மறுகோடியிலுள்ள ஃபுளோரிடாவில்தான் வழக்குப் போட வேண்டும் என்று 1991-இல் தீர்ப்பாயிற்று. நாம் போனில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டுகிற பலவற்றில் அந்த வரி இருக்கிறது.

வெளிமாநிலக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால், ‘அந்த ஊருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்’ என்று மேஜை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். நிஜமாகவே சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பேசாமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வரும். அந்தத் தீர்ப்பை உங்கள் ஊர் கோர்ட்டுக்கே கொண்டுவந்து வசூலுக்குப் போடுவார்கள். அரசியல் சட்டப்படி ஒரு மாநிலத்தின் தீர்ப்பை இன்னொரு மாநிலம் மதித்தாக வேண்டும். அப்போது உங்களுக்கு மிஞ்சுவது அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்ற ஒரே வாதம்தான். அதில் தோற்றால், கடனே வாங்கவில்லை என்று நிரூபிக்கக்கூட வாய்ப்புக் கிடைக்காது. ஃபெடரல் கோர்ட் என்றால் சம்மன் கைக்கு வந்ததிலிருந்து பொதுவாக 21 நாள்; மாநிலக் கோர்ட் என்றால் அந்த மாநில விதி; காலக்கெடுவைச் சம்மனிலேயே போட்டிருப்பார்கள். வந்த தேதியை உறையின் மேலேயே எழுதிவையுங்கள். அந்த வாரத்திலேயே ஒரு வக்கீலிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.